இரவில் தவறும் ஏவல்

பகலில் நம் கையால் ஏவப் பிழையின்றி நடக்கும் கட்டளை, இரவில் கணினி தானே ஏவுங்கால் தவறுவது ஏன்? யாம் பல திங்களாய்த் தட்டெழுதிய சொற்றொகுதியொன்றை நாடோறும் நள்ளிரவிற் படியெடுக்குமாறு, குறித்த காலத்தில் ஏவல்களை நடத்தும் 'கிரான்' என்னும் நிரலிடம் ஒப்புவித்திருந்தோம். மூலக்கோப்பு அழிந்த அன்றே, ஒரு படியேனும் எடுக்கப்படவில்லை என்பது புலனாயிற்று. கட்டளையிற் பிழையில்லை, அது நின்ற சூழலே வேறு.

யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு நிரலும், தன்னை ஏவிய நிரலிடமிருந்து சில பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும் பெறுகின்றது. இவை சூழல் மாறிகள் எனப்படும். 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிற் புகுந்தவை. அவற்றுள் 'பாத்' என்பது, நிரல்களை எவ்வடைவுகளில் தேடவேண்டுமென உணர்த்துவது. நாம் உள்நுழையுங்கால் நம் தொடக்கக் கோப்புகள் அதனை விரிவாக்குகின்றன. கிரானோ அக்கோப்புகளைப் படிப்பதில்லை. 1987இல் பால் விக்சி இயற்றிய கிரானின் வழிவந்தவற்றில், பெரும்பாலும் இரண்டு அடைவுகளே 'பாத்'தில் உள. எம் படியெடுக்கும் நிரல் அவற்றிற்குப் புறம்பே இருந்தமையால் அகப்படவில்லை.

இதனைக் கண்டறியும் வழி எளிது. 'என்வ்' என்னும் கட்டளையைக் கிரான்வழி ஏவி, விடையை ஒரு கோப்பில் எழுதுவித்து, நம் முனையத்தில் அது தரும் விடையோடு ஒப்புநோக்குக. வேறுபாடு வெளிப்படும். பின்னர் நிரலின் முழுவழியை எழுதுக. அன்றேல் கிரான் அட்டவணையின் தலையிற் 'பாத்'தை முழுமையாய் வரைக. ஆங்கு டாலர்க் குறியிட்டுப் பழைய மதிப்பைச் சேர்த்தல் பயன்தராது. விக்சி கிரான் அதனை விரிப்பதில்லை. பிழைச்செய்திகளையும் ஒரு கோப்பிற் சேர்ப்பித்து, நாடோறும் நோக்குதல் வேண்டும்.

யாம் அது செய்திலம். கிரானின் மௌனத்தை வெற்றியென்று கொண்டதே எம் பிழை.