ஓவர்கிளாக் செய்த கணினி சும்மா இருக்கும்போது

“ஓவர்கிளாக் பண்ணியாச்சா? அப்போ பயாஸ்ல சி-ஸ்டேட், ஸ்பீட்ஸ்டெப் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.” கணினி அசெம்பிள் செய்யும் கடைகளில் இன்றும் கேட்காமலே கிடைக்கும் ஆலோசனை இது. பழைய மதர்போர்டுகளின் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இப்போது பெரும்பாலும் கரண்ட் பில்தான் ஏறும்.

மின்சேமிப்பு என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இன்டெலின் ஸ்பீட்ஸ்டெப்பும் ஏஎம்டியின் கூல்-அண்ட்-கொயட்டும், வேலை குறைந்தால் ப்ராசஸரின் வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கும். சி-ஸ்டேட் இன்னும் ஆழமாகப் போகும். சி6 நிலையில், சும்மா இருக்கும் கோருக்கு மின்சாரமே கிட்டத்தட்ட நின்றுவிடும். பயாஸில் வோல்டேஜை ஒரே அளவில் பூட்டி வைத்திருந்தால் முதல் வேலை பாதிதான் நடக்கும்: வேகம் இறங்கும், வோல்டேஜ் இறங்காது. அப்போதும் சி6 தன் பங்கைச் செய்யும். அதையும் அணைத்தால் எஞ்சுவது சூடு மட்டுமே. கூடுதலாக 40 வாட் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 10 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 24 யூனிட்.

ப்ராசஸரைத் தின்பது வேகத்தைவிட வோல்டேஜ்தான். ஒரே வேகத்தில் 1.25 வோல்ட்டை 1.40 ஆக்கினால் மின்செலவு கால்பங்கு கூடும். சிப்பின் தேய்மானமும் விரைவுபடும். ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இந்த ஆபத்து வந்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப்பின் உட்சுற்று தேய்ந்து, கணினிகள் அடிக்கடி முடங்கின. 2024 செப்டம்பரில் பயாஸ் அப்டேட் வழியே வந்த 0எக்ஸ்12பி மைக்ரோகோடு, ப்ராசஸர் சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் தேவையின்றி உயர் வோல்டேஜ் கேட்பதைச் சரிசெய்ய வந்ததுதான். அந்த ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

மின்சேமிப்பை ஆன் செய்தபின் சிலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும். மணிக்கணக்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடினாலும் அசராத கணினி, யூடியூப் பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருக்கும். கணினி முறையாக ஷட்டவுன் ஆகாமல் மீண்டும் தொடங்கியது என்பதைத் தாண்டி அது பெரிதாக எதுவும் சொல்லாது. பக்கத்தில் ஹார்ட்வேர் கோளாறைக் குறிக்கும் ‘டபிள்யூஎச்இஏ-லாகர்’ பிழை இருந்தால் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம். மைனஸ் ஆஃப்செட் கொடுத்து வோல்டேஜைக் குறைத்தவர்களுக்கு, உச்ச வேகத்துக்குப் போதுமான வோல்டேஜ் அடிவேகத்தில் போதாமல் போகும். உடனே சி-ஸ்டேட்டை அணைக்காதீர்கள். ஆஃப்செட்டை 10, 20 மில்லிவோல்ட் உயர்த்திப் பாருங்கள். பூட்டிய வோல்டேஜுக்குப் பதில், வேகத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் அடாப்டிவ் முறை உங்கள் போர்டில் இருந்தால் அதற்கு மாறுங்கள். விண்டோஸ் பவர் பிளானும் ‘பேலன்ஸ்டு’ ஆகவே இருக்கட்டும்.

சில நேரம் இந்த ரீஸ்டார்ட்டுக்குக் குற்றவாளி எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல் ப்ராசஸர்கள் வந்தபோது, ப்ராசஸர் ஆழ்ந்த உறக்கத்தில் இழுத்த மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்ததால் சில பழைய எஸ்எம்பிஎஸ்கள் தடுமாறக்கூடும் என்ற கவலை எழுந்தது. ஏஎம்டி ரைசன் போர்டுகளில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்று ஓர் அமைப்பு இருப்பது இதே மாதிரி சிக்கலுக்காக. அதை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ ஆக்கினால் பலருக்குச் சரியாகிவிடும்.

இனி வாரண்டி. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொறுப்பேற்பதில்லை. பலர் கவனிக்காத விஷயம், ரேமின் வேகத்தைக் கூட்டப் போடும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ புரொஃபைல்களும் அந்தக் கணக்கில் வரும். தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓவர்கிளாக் சேதத்துக்கும் மாற்று ப்ராசஸர் தந்த திட்டத்தை இன்டெல் 2021-இல் நிறுத்திவிட்டது. மேலே சொன்ன 13, 14-ஆம் தலைமுறைக் கோளாறு வேறு கதை. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். பெட்டியோடு வாங்கியவர்களுக்கு மொத்தம் 5 ஆண்டு. பெட்டியில்லாமல் வரும் ‘ட்ரே’ ப்ராசஸர் வாங்கியவர் முதலில் விற்றவரிடம்தான் போக வேண்டும். எனவே வாங்கும்போதே பாக்ஸா ட்ரேயா என்று கேட்டு, சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள்.

கடைக்காரரே உங்களிடம் சொல்லாமல் ஓவர்கிளாக் செய்து கொடுத்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி வாரண்டி இல்லை என்றால்? பயாஸ் திரையைப் படம் எடுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, உங்கள் சொந்த மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.