சூட்டுக்கு ஒரு பாதை!

பிளாஸ்டிக்கின் பிடிவாதத்தை மாற்றும் விஞ்ஞானிகள்

கொதிக்கும் குழம்பில் வெள்ளிக் கரண்டியைப் போட்டுவிட்டுத் தொட்டால் கை சுடும். மர அகப்பை சுடாது. பிளாஸ்டிக்கும் மரத்தைப் போலத்தான். அதனால்தான் குக்கருக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி வைக்கிறார்கள்.

சமையலறையில் நன்மை செய்யும் இந்தக் குணமே செல்போனுக்குள் தொல்லையாகி விடுகிறது!

செல்போன், கம்ப்யூட்டர் முதலியவற்றின் உள்ளே நகத்தளவுச் சில்லுகள் வேலை செய்கின்றன. அவை பெறும் மின்சாரம் அநேகமாக முழுவதும் உஷ்ணமாக மாறுகிறது. அந்த உஷ்ணம் வெளியேறாவிட்டால் வேலை மந்தமாகும். சாதனத்தின் ஆயுளும் குறையும்.

"தாமிரத்தால் மூடிவிட்டால் போகிறது!" என்கிறீர்களா? தாமிரம் மின்சாரத்தையும் அல்லவா கடத்தும்? சில்லே பாழாகிவிடும். உஷ்ணம் போக வேண்டும். மின்சாரம் போகக் கூடாது. மின்சாரத்தைத் தடுப்பதில் பிளாஸ்டிக் கெட்டிக்காரன். ஆனால் உஷ்ணத்தைக் கடத்துவதில் தாமிரத்தின் திறனில் ஏறக்குறைய 2,000-ல் ஒரு பங்குதான் அதற்கு உண்டு.

ஏன் இந்தச் சோம்பல்?

தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர்க் குடங்களைக் கைமாற்றுகிறார்கள். ஆட்கள் வரிசையாக நின்றால் குடம் விரைந்து போய்ச் சேரும். கும்பலாக நின்றால் பாதி வழியிலேயே தண்ணீர் சிந்திவிடும். பிளாஸ்டிக்கில் உஷ்ணத்தின் கதி இதுதான். அணுக்களின் அதிர்வு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்ல வேண்டும். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளோ சிக்கல் விழுந்த நூல் போலக் கிடக்கின்றன. அதிர்வு வழியில் சிதறிவிடுகிறது.

வெள்ளைப் பொடி

போரான் நைட்ரைடு என்ற வெள்ளைப் பொடி மின்சாரத்தைத் தடுக்கும். உஷ்ணத்தை நன்கு கடத்தும். அதைப் பிளாஸ்டிக்கோடு கலந்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை! துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நின்றன. இடையே பாலம் இல்லாத சாலைத் துண்டுகளால் யாருக்கு என்ன பயன்? பொடியை அள்ளிக் கொட்டினாலோ, கலவை கெட்டியாகி எளிதில் உடைகிறது.

மேலும், இந்தத் துகள்கள் தட்டையானவை. தட்டின் நீளவாக்கில் உஷ்ணம் ஓடும், குறுக்கே தயங்கும். அவற்றை நிமிர்த்தி, தொடர்ச்சியாக நிறுத்த வேண்டும்.

பனிக்கட்டியின் உதவி

அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். பொடியைத் தண்ணீரில் கலந்து அடியிலிருந்து உறைய வைத்தார்கள். பனிக்கட்டி தூண் தூணாக மேலே வளரும்போது துகள்களை இடுக்குகளில் ஒதுக்குகிறது. பிறகு பனிக்கட்டியை உருகவிடாமல் ஆவியாக்கினால் துகள் சுவர்கள் மட்டும் நிற்கும். இடைவெளியில் பிசினை ஊற்றினால் போதும். குறைந்த பொடியிலேயே உஷ்ணத்துக்குச் சாலை தயார்!

சிக்கல் நீங்கிய நூல்

பொடியே இல்லாமலும் சாதித்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் மாசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காங் சென்னும் சகாக்களும், பை செய்யப் பயன்படும் அதே பாலிதீனை மிக மெல்லிய இழையாக இழுத்தார்கள். சிக்கல் நீங்கி மூலக்கூறுகள் வரிசையாயின. இழையின் நீளவாக்கில் உஷ்ணம் சுமார் 300 மடங்கு நன்றாகப் பாய்ந்தது! தனி உலோகங்களில் ஏறக்குறைய பாதி, இந்த இழைக்குப் பின்னால்தான் நிற்கின்றன.

சோதனைச்சாலையில் ஓர் இழை இழுப்பது வேறு. தொழிற்சாலையில் மலிவாகச் செய்வது வேறு. அந்தத் தடையையும் தாண்டினால், செல்போனின் சூட்டைத் தணிக்கும் வேலையைப் பிளாஸ்டிக்கிடமே ஒப்படைத்து விடலாம்.