இரு மாநிலம் பேணும் ஓர் அரண்மனை

ஆண்டு விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் சங்கத்து அன்பர்களிற் பலர், குமரிமுனை சென்று, கடலாடி, கதிரவன் எழும் காட்சியைக் கண்டு திரும்புகின்றனர். அவ்வாறு செல்வோர் இன்னும் அரை நாள் ஒதுக்கினால் காணத்தக்க இடம் ஒன்று அருகிலேயே உண்டு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில் தக்கலையை அடைந்து, அங்கிருந்து சிறிது தொலைவு உள்ளே சென்றால், வேளிமலையின் அடிவாரத்தில் பழைய கற்கோட்டை ஒன்று தோன்றும். அக்கோட்டைக்குள் ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்பில் அமைந்ததே பத்மநாபபுரம் அரண்மனை.

அரண்மனை என்றவுடன் வானளாவிய மாடங்களும் பளிங்குத் தரையும் நம் மனக்கண்முன் தோன்றும். இங்கு அவற்றைக் காண இயலாது. ஓடு வேய்ந்த சரிவான கூரைகளும், மரத்தூண்களும், தலை தாழ்த்தி நுழையவேண்டிய வாயில்களுமே நம்மை வரவேற்கின்றன. ஆயினும், இத்துணை அழகை மரத்தில் படைத்த கைகள் எவையோ என்று வியவாதார் இலர்.

அரசு இருந்த வரலாறு

பண்டைய வேணாட்டின் தலைநகராக விளங்கிய இவ்வூருக்குக் கல்குளம் என்பது பழைய பெயர். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601-ஆம் ஆண்டளவில் இவ்வரண்மனையை எழுப்பத் தொடங்கினார் என்பர். எனினும் இதற்கு இன்றுள்ள பொலிவைத் தந்தவர், 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்ம மன்னரேயாவர். சிற்றரசாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பேரரசாக ஆக்கியவர் அவர். 1741-இல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரரை அவர் வென்ற செய்தி யாவரும் அறிந்ததே. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளபதி, பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சியளிப்பவராகி, இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார். அவருடைய கல்லறையை அண்மையிலுள்ள உதயகிரிக் கோட்டையில் இன்றும் காணலாம்.

1750-இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபப் பெருமாளுக்குக் காணிக்கையாக்கி, அப்பெருமாளின் அடியாராக நின்று ஆட்சி புரிந்தார். இவ்வூரின் பெயரும் அப்பெருமாள் திருநாமத்தால் அமைந்ததே. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரசு அகன்றது, அரண்மனை நின்றது.

காண்பன சில

முதற்கண் அமைந்த பூமுகத்தில் நின்று மேலே நோக்குக. மரத்தாலாகிய மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்றிராத தொண்ணூறு மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்குத் தொங்கும் குதிரைவீரன் விளக்கை எத்திசையில் திருப்பி விட்டாலும் அத்திசையிலேயே நிற்கும்.

மேல்தளத்தில் உள்ளது மந்திரசாலை. பலகணிகளில் வண்ண அபிரகத் தகடுகள் பதித்திருப்பதால், உள்ளே வரும் ஒளி கண்ணை உறுத்தாமல் பரவுகிறது. மரச்சட்டங்களின் இடைவெளி வழியே குளிர்ந்த காற்று வீசுகிறது. கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை, சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இழைத்தது என்பர்.

ஊட்டுப்புரையைக் கண்டால் அரசின் கொடை விளங்கும். ஒரே நேரத்தில் ஆயிரவர் அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட கூடம் அது. ஊறுகாய் முதலியன இட்டுவைத்த பெரிய சீனச் சாடிகளும் உள்ளன. அரண்மனையில் மிகப் பழைய பகுதியாகிய தாய்க் கொட்டாரம், வானம் நோக்கிய முற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது. உப்பரிகை மாளிகையில், மருத்துவக் குணமுள்ள அறுபத்து நான்கு மரத்துண்டுகளை இணைத்துச் செய்ததாகக் கூறப்படும் கட்டில் ஒன்று உண்டு. அம்மாளிகையின் உச்சியிலுள்ள வழிபாட்டறையின் சுவர்களைப் பழைய ஓவியங்கள் அணிசெய்கின்றன.

இவ்வாறு மரத்திலேயே திளைத்து வரும் கண்களுக்கு நவராத்திரி மண்டபம் ஒரு வியப்பு. அங்கே எல்லாம் கருங்கல்! மதுரையிலும் நெல்லையிலும் கண்டு பழகிய விளக்கேந்திய பாவையர் தூண்தோறும் நிற்கின்றனர். மரமறியும் மலைநாட்டுத் தச்சனும் கல்லறியும் பாண்டிநாட்டுச் சிற்பியும் பக்கம் பக்கமாக உழைத்த இடம் இது என்று நம் உள்ளம் கொள்கிறது.

மண் ஒருவர்க்கு, காவல் ஒருவர்க்கு

மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, இத்தமிழ்ப் பகுதி தாய்த் தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என மார்ஷல் நேசமணி முதலியோர் போராடினர். 1954 ஆகஸ்டு 11-இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் ஈந்தோரும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தைச் சேர்ந்தன. கல்குளம் வட்டத்திலுள்ள இவ்வரண்மனையின் மண் தமிழகத்தினுடையதாயிற்று. ஆனால் அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே நிலைத்தது. இன்றும் அவ்வாறே நடைபெறுகிறது.

இத்தனை கசப்பு நிகழ்ந்த மண்ணில் இவ்வேற்பாடு எவ்வாறு நிலைத்தது என்று வினவுவோர், நவராத்திரிக்கு முன் இங்கு வந்து பார்த்தல் வேண்டும். அரண்மனையை அடுத்த கோயிலில் எழுந்தருளியுள்ள சரசுவதி தேவியைக் கம்பர் வழிபட்ட தெய்வம் என்று செவிவழிச் செய்தி கூறும். ஆண்டுதோறும் அத்தேவி யானைமீது ஏறி, குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில் உடன்வர, திருவனந்தபுரம் செல்கிறாள். உப்பரிகை மாளிகையில் வைத்துள்ள மன்னரின் உடைவாளை எடுத்து ஒப்படைத்த பின்னரே ஊர்வலம் புறப்படும். தமிழகக் காவலர் மரியாதை செய்து வழியனுப்ப, களியக்காவிளை எல்லையில் கேரளத்தார் எதிர்கொண்டு வரவேற்பர். விழா முடிந்ததும் தேவி மீண்டும் தன் ஊர் திரும்புவாள்.

காணச் செல்வோர் திங்கட்கிழமையைத் தவிர்க்க. அன்று அரண்மனைக்கு விடுமுறை. காலணியை வாயிலில் விட்டே உட்புகல் வேண்டும். நடை மிகுதியாதலின் முதியோர் காலைப்பொழுதில் செல்வது நலம்.

உடன் வரும் பிள்ளைகள், “இந்த அரண்மனை நம்முடையதா, அவர்களுடையதா?” என்று கேட்கக்கூடும். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியுமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்வினா இயல்பே. நமக்கு உரியது நம்மிடம் சேரவேண்டும் என்று வாதிட்டோரும் நாமே. சேர்ந்தபின் அயலாரோடு பகிர்ந்து வாழ்வோரும் நாமே. பூமுகத்து மலர்களைக் காட்டி, “இருவருக்கும் உரியது” என்று அவர்களுக்குக் கூறுவோமாக.