பிரிக்கத் தாங்குமா இந்த இயந்திரம்?

ஒரே கணினியை நான்காகப் பிரித்து நான்கு கணினிகளின் வேலையை வாங்கலாம் என்று சொன்னால், கேட்பவர் முதலில் சிரிப்பார். ஆனால் உலகம் முழுவதும் வங்கிகளும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இந்த முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றன. கிளினிக், கூட்டுறவுச் சங்கம், கணக்காளர் அலுவலகம், டியூஷன் நிலையம் போன்ற சிறிய இடங்களுக்கும் இன்று ஒரு சர்வர் தேவைப்படுகிறது. சர்வர் என்பது பலருடைய கணினிகளுக்குக் கோப்புகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து வழங்கும் கணினி.

புதிய சர்வரின் விலை சிறிய அமைப்புகளுக்குக் கட்டுப்படியாகாது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் உழைக்கவிட்டுக் கழித்த சர்வர்களோ மலிவாகக் கிடைக்கும். "இது ஒன்று போதும், நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்வார். ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ அப்படி ஒன்றை வாங்க நினைப்பவர், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: பிரிப்பதற்கு இந்த இயந்திரம் இடம் கொடுக்குமா?

பிரிப்பதில் இரண்டு வகை

முதல் வகை, இயந்திரத்தையே பகுப்பது. சன் நிறுவனம் 1997இல் வெளியிட்ட எண்டர்பிரைஸ் 10000 சர்வரில், உள்ளே இருக்கும் பலகைகளைப் பிரித்துத் தனித்தனிக் கணினிகளாக இயக்க முடிந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தன்னுடைய பெருங்கணினிகளுக்கு இப்படிப்பட்ட வசதியை 1988இல் கொண்டுவந்தது. 2001இல் பவர்4 சிப் கொண்ட சர்வர்களுக்கும் அதை விரிவுபடுத்தியது. இது அதற்கென்றே செய்யப்பட்ட விலை உயர்ந்த இயந்திரங்களில்தான் நடக்கும். சாதாரண சர்வரில் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது வகை மெய்நிகராக்கம். இதில் இயந்திரம் வெட்டப்படுவதில்லை. ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருள் ஒன்று மேற்பார்வையாளர் போல நடுவில் அமர்ந்து, சிப்பின் நேரத்தையும் நினைவகத்தையும் வட்டின் இடத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு பங்கும் தன்னைத் தனிக் கணினி என்றே எண்ணிக்கொள்ளும். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து மக்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். முதல் வகை தனித்தனி வீடு. இரண்டாவது வகை லயத்து வீடு. குடும்பங்கள் வேறு, அடுப்புகள் வேறு. ஆனால் கூரையும் அஸ்திவாரமும் ஒன்று.

சிப்பில் இருந்த குறை

சிப் என்பது பேராக் மக்களுக்குப் புதிய பொருள் அல்ல. கார்செம், யூனிசெம் நிறுவனங்களின் தொழிற்சாலைகள் ஈப்போ வட்டாரத்தில் இருக்கின்றன. பக்கத்து மாநிலமான பினாங்கில் இன்டெல் நிறுவனம் 1972இலேயே தொழிற்சாலை திறந்தது. ஆனாலும் எல்லாச் சிப்பும் மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதல்ல.

ஒரு கணினியை ஒழுங்காகப் பங்கிட வேண்டுமானால் சிப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை 1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இரு அறிஞர்கள் விளக்கினார்கள். இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் மேற்பார்வையாளரின் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் சாரம். 2000ஆம் ஆண்டு பென்டியம் சிப்பை ஆராய்ந்தபோது, 17 கட்டளைகள் இந்த விதிக்கு அடங்கவில்லை என்று தெரியவந்தது. வி.எம்.வேர் நிறுவனம் 1999இலிருந்து மென்பொருள் தந்திரத்தால் இந்தக் குறையைச் சமாளித்து வந்தது. பிறகு சிப்பிலேயே வழி செய்யப்பட்டது. இன்டெல் 2005 நவம்பரிலும், ஏ.எம்.டி. 2006 மே மாதத்திலும் அந்த வசதியுள்ள சிப்புகளை வெளியிட்டன. இன்டெல் வசதியின் பெயர் வி.டி.-எக்ஸ். ஏ.எம்.டி. வசதியின் பெயர் ஏ.எம்.டி.-வி.

அதற்குப் பிறகு வந்த சிப் என்றால் போதும் என்று நினைத்துவிட முடியாது. ஒரே குடும்பத்துச் சிப்புகளிலும் சில மாடல்களில் இந்த வசதி இருக்காது. கோர் 2 வரிசையில் இப்படி வசதியில்லாத மாடல்கள் விற்பனைக்கு வந்தன. ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் பெயரை விட, சிப்பின் முழு மாடல் எண்ணே முக்கியம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையப் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சோதிக்கும் முறை

பட்டியலைப் பார்த்ததோடு நிற்காமல் இயந்திரத்தையே கேட்டுவிடலாம். லினக்ஸ் இயங்கும் சர்வரில் 'சிபியூஇன்ஃபோ' என்ற கோப்பு இருக்கும். அதில் 'ஃபிளாக்ஸ்' என்று தொடங்கும் வரியில் இன்டெல் சிப் என்றால் வி, எம், எக்ஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், ஏ.எம்.டி. சிப் என்றால் எஸ், வி, எம் என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்து காணப்பட வேண்டும். காணவில்லை என்றால் அந்தச் சிப்பில் வசதி இல்லை என்றே பெரும்பாலும் பொருள்.

விண்டோஸில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்ற கட்டளையைக் கொடுத்தால், கடைசியில் ஹைப்பர்-வி தேவைகள் என்று நான்கு வரிகள் வரும். சிப்பில் வசதி இருக்கிறதா, அது முடுக்கப்பட்டிருக்கிறதா, நினைவக முகவரிகளை இரண்டாம் அடுக்கில் மாற்றும் திறன் இருக்கிறதா, தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும் காவல் இருக்கிறதா என்பவையே அவை. நான்குக்கும் 'ஆம்' என்று பதில் வர வேண்டும். ஹைப்பர்வைசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இந்த நான்கு வரிகளுக்குப் பதிலாக அந்தச் செய்தி மட்டும் வரும். அப்படி வந்தால், சோதிப்பது முழு இயந்திரமா அல்லது அதன் ஒரு பங்கா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று வந்தால் மனம் தளர வேண்டாம். சிப்பில் வசதி இருந்தும் பயாஸ் அமைப்பில் அது மூடி வைக்கப்பட்டிருக்கும். கணினியை இயக்கும்போது பயாஸ் திரைக்குள் சென்று முடுக்கிவிட்டு, ஒருமுறை மின்சாரத்தை முழுமையாக நிறுத்தி மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நல்ல இயந்திரத்தைப் பயனற்றது என்று ஒதுக்குவதற்கும் இந்த ஒரு பொத்தான் காரணமாக அமைந்துவிடலாம்.

நெட்வொர்க் அட்டை போன்ற ஒரு கருவியை ஒரு பங்குக்கு மட்டும் நேரடியாக ஒப்படைக்க வேண்டுமானால் வேறொரு வசதி தேவை. இன்டெல் அதை வி.டி.-டி என்கிறது. இதற்குச் சிப், தாய்ப்பலகை, பயாஸ் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் சர்வர் 2016 முதல், ஹைப்பர்-வி இயங்க இரண்டாம் அடுக்கு முகவரித் திறன் கட்டாயம். வி.எம்.வேர் 2020இல் வெளியிட்ட இ.எஸ்.எக்ஸ்.ஐ. 7.0 பதிப்பு, 2010இல் வந்த சியான் 5600 வரிசைச் சிப்புகளை ஏற்பதில்லை. வசதி சிப்பில் இருந்தும் மென்பொருள் கைவிட்டுவிட்டது. உரிமச் செலவையும் கேட்க வேண்டும். பினாங்கில் பிறந்த ஹாக் டான் தலைமையிலான பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிம விற்பனையை நிறுத்தி, சந்தா முறைக்கு மாறியது. லினக்ஸில் 2007 முதல் இருக்கும் கே.வி.எம். இலவசம். ஆனால் அதற்கும் சிப்பின் வசதி வேண்டும்.

துண்டாடலும் பங்கீடும்

வசதி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பங்கிட்டுக் கொடுக்கப் போதுமான அளவு இருக்கிறதா? 32 கிகாபைட் நினைவகத்தை நான்கு பங்குகளுக்கு எட்டு எட்டாகக் கொடுத்துவிட்டால், மேற்பார்வை செய்யும் ஹைப்பர்வைசருக்கு எதுவுமே மிச்சம் இருக்காது. நான்கும் ஒரே வட்டைத் தட்டினால் நான்குமே தவழும். மெய்நிகராக்கம் இருப்பதைப் பங்கிடுமே தவிர, இல்லாததை உண்டாக்காது.

பேராக் மக்களுக்கு இந்த உண்மை வேறு வகையில் தெரியும். 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். உங்கு அஜிஸ் இதை ஆராய்ந்து 1962இல் நூலாக வெளியிட்டார். பத்திரத்தில் நிலத்தைப் பிரிப்பது எளிதாக இருந்தது. ஆனால் தோட்டம் என்பது வெறும் நிலமல்ல. தொழிற்சாலை, சாலை, தண்ணீர், லயம், பள்ளி எல்லாம் சேர்ந்ததே தோட்டம். துண்டாடலில் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தார்கள்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இதற்கு மாற்றாகத்தான். தொழிலாளர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். நிலம் வெட்டப்படாமல், உரிமை மட்டும் பங்கிடப்பட்டது. நல்ல மெய்நிகராக்கமும் அப்படித்தான். முழுமை குலையாமல் பயன் மட்டும் பங்கிடப்படுகிறது.

ஆனால் முழுமை ஒன்றாக இருப்பதால் ஆபத்தும் ஒன்றாகவே வரும். நான்கு தனிக் கணினிகள் இருந்தால் ஒன்று பழுதாகும்போது மற்ற மூன்றும் ஓடும். ஒரே சர்வரில் நான்கு பங்குகள் இருந்தால், ஒரு மின்னல் வெட்டில் நோயாளிகளின் பதிவேடும் சம்பளக் கணக்கும் சேர்ந்தே போகும். ஆகவே மின்வழங்கி இரண்டு இருக்கிறதா, ஒரு வட்டு கெட்டாலும் மற்றது தாங்கும்படி அமைந்திருக்கிறதா, மாற்று உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவற்றையும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இடி மின்னல் மிகுந்த பேராக்கில் யூ.பி.எஸ். இல்லாமல் சர்வர் வைப்பது கூரையில்லாத வீட்டில் குடியேறுவது போல. தரவுகளின் நகல் ஒன்று வேறொரு கட்டடத்தில் இருப்பதும் அவசியம்.

வாங்குபவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. சிப்பின் மாடல் எண்ணை எழுதி வாங்க வேண்டும். விற்பவரின் மேசையிலேயே இயந்திரத்தை இயக்கச் சொல்லி, மேலே சொன்ன சோதனையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டு பங்குகளாவது உண்டாக்கி ஒரே நேரத்தில் ஓடவிடச் சொல்ல வேண்டும். இதற்கு அரை நாள் பிடிக்கலாம். நல்ல இயந்திரத்தை வைத்திருப்பவர் அந்த அரை நாளைத் தரத் தயங்க மாட்டார். தயங்கினால், அதுவே தேவையான பதில்.