இறையியல் பேராசிரியருக்கு நம்பிக்கை கட்டாயமா?

அறிவியல் வளர்ந்தது, இறையியலுக்கு மதிப்புப் போயிற்று என்று பேசிக்கொள்கிறோம். ஜெர்மனியில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களிலேயே இறையியல் படிக்கலாம். 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் உருவானபோது, இந்தத் துறை அங்கே எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மருத்துவம், சட்டம் போலச் சமூகத்துக்கு வேண்டிய ஒரு பணிக்கு ஆட்களைத் தயார்செய்யும் துறை இது என்றார் இறையியலாளர் ஷ்லையர்மாகர். வாதம் எடுபட்டது. இன்றும் அங்கே அரசுப் பள்ளிகளில் மதக் கல்வி ஒரு பாடம். அதற்கான ஆசிரியர்கள் இந்தத் துறைகளில்தான் படிக்கிறார்கள். 2011இல் ட்யூபிங்கனில் இஸ்லாமிய இறையியல் மையம் வந்ததற்கும் இந்தத் தேவை ஒரு காரணம்.

இனி வழக்கு. கெர்ட் லூடெமான், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்தவர். இயேசுவின் உயிர்த்தெழுதலை வரலாற்று ஆய்வுக்கு உட்படுத்தி, அது நடக்கவில்லை என்று எழுதியவர். தாம் இனிக் கிறிஸ்தவர் இல்லை என்றும் 1998இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். திருச்சபை எதிர்ப்புத் தெரிவித்தது. பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆதி கிறிஸ்தவத்தின் வரலாறும் இலக்கியமும் என்று பாடத்தை மாற்றி, போதகராகப் போகும் மாணவர்களின் படிப்பிலிருந்து அவரை விலக்கிவைத்தது. அவர் நீதிமன்றம் போனார். 2008இல் அரசியல் சாசன நீதிமன்றமும் கைவிரித்தது. ஆய்வுச் சுதந்திரம் அவருக்கு உண்டு, ஆனால் திருச்சபைக்கு ஆள் தயார்செய்யும் துறையில் திருச்சபையின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஷ்லையர்மாகரின் வாதம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, பாருங்கள்! துறைக்கு இடம் வாங்கிக் கொடுத்த அதே காரணம்தான் அதன் கையையும் கட்டியது. யாருக்காக ஆள் தயாராகிறதோ, அவர்கள் ஆசிரியரின் நம்பிக்கையைக் கேட்கத்தானே செய்வார்கள்? ஆனால், வரலாற்றுத் துறையில் ஒருவர் தம் முடிவை மாற்றிக்கொண்டால் அவருடைய பாடத்தை யாரும் மாற்றுவதில்லை.

அப்படியானால் இறையியலை வெளியே அனுப்பிவிடலாமா? கூடாது. வெளியே போனாலும் அதைக் கற்பிக்கத்தான் போகிறார்கள், பக்கத்து அறையிலிருந்து கேள்வி கேட்க வரலாற்றாசிரியரோ மொழியறிஞரோ இல்லாமல். துறை உள்ளேயே இருக்கட்டும். நாளை மக்கள்முன் நின்று பேசப்போகும் போதகர், நம்பிக்கை இழந்த ஓர் ஆசிரியரிடமும் பாடம் கேட்டிருக்க வேண்டும். அந்த வாய்ப்பைப் பறித்தது தவறான முடிவு.