நடுவரையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா?

அமெரிக்காவில் நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படுகிற ஒரு பதவி இருக்கிறது. வேலை, தேர்தல் நடத்துவது. வாக்காளர் பட்டியல், வாக்குச்சீட்டு அச்சடிப்பு, வாக்குச்சாவடி, எண்ணிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. அந்த ஆளையும் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பல இடங்களில் அவர் ஒரு கட்சியின் வேட்பாளராகவே நிற்கிறார். வீட்டு வாசலில் பெயர்ப் பலகை நடுகிறார், நன்கொடை திரட்டுகிறார், ஜெயித்தால் அடுத்த தேர்தலை அவரே நடத்துகிறார். பதவியில் இருக்கும்போது மறுபடி நின்றால், தன் பெயர் இருக்கும் வாக்குச்சீட்டை அவர் அலுவலகமே அச்சடிக்கும்.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மோகனூர் பேரூராட்சித் தேர்தலை நடத்துகிற அலுவலர் பதவிக்கு உதயசூரியனிலும் இரட்டை இலையிலும் ஆள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இது எப்படிங்க நியாயமா நடக்கும்?" என்றுதான் முதலில் கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் இதை மேலும் படித்துக்கொண்டு போனால், அந்த ஏற்பாட்டில் இருக்கிற ஒரு நல்ல அம்சம் நம்மிடம் இல்லை என்பதும் தெரிகிறது. இரண்டையும் பார்ப்போம்.

அங்கே எப்படி நடக்கிறது

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்துகிற ஒரே ஆணையம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நடத்துவது பெரும்பாலும் கவுன்ட்டி எனப்படும் மாவட்ட அளவிலான நிர்வாகம். பல மாநிலங்களில் கவுன்ட்டி கிளார்க் அந்த வேலையைச் செய்கிறார். ஃபுளோரிடாவில் இதற்கென்றே தேர்தல் மேற்பார்வையாளர் என்ற தனிப் பதவி. மொத்தம் 67 கவுன்ட்டிகள். மயாமி-டேட் தவிர மற்ற எல்லாவற்றிலும் நீண்ட காலமாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான். மயாமி-டேடில் மட்டும் நியமனம்.

2018-ல் ஃபுளோரிடா மக்கள் மாநில அரசியலமைப்பில் ஒரு திருத்தத்தை ஏற்றார்கள். அதன்படி அங்கேயும் இந்தப் பதவி தேர்தலுக்கு வந்தது. 2024 நவம்பரில் குடியரசுக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அலினா கார்சியா, ஜனநாயகக் கட்சி சார்பில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான ஹுவான்-கார்லோஸ் பிளானஸ். கார்சியா ஜெயித்தார். நேற்று வரை கட்சி எம்.எல்.ஏ., இன்று தேர்தல் நடத்தும் அதிகாரி.

இந்த வழக்கம் சும்மா வந்ததில்லை. 1830-களில் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில், அதிகாரம் உள்ள எவரும் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. நீதிபதி, ஷெரீஃப், கணக்கர் என்று ஒவ்வொரு பதவியாகத் தேர்தலுக்கு வந்தது. மேலே இருப்பவர் நியமித்தால், நியமித்தவருக்குத்தான் விசுவாசமாக இருப்பார் என்பது அவர்கள் வாதம். லேசில் தள்ளிவிட முடியாத வாதம்.

பட்டாம்பூச்சிச் சீட்டு

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே ஆளிடம் தெரிந்தது 2000-ல். ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுன்ட்டியில் மேற்பார்வையாளராக இருந்தவர் தெரசா லெபோர். அந்த வருடம் அதிபர் பதவிக்கு 10 பேர் போட்டி. ஒரே பக்கத்தில் அச்சடித்தால் எழுத்து பொடிசாகிவிடும், வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள் என்று பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார். துளை போட வேண்டிய இடங்கள் நடுவில் ஒரே வரிசையாக. பார்க்க விரித்த சிறகு மாதிரி இருந்ததால் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயர் வந்தது.

சிக்கல் இங்கேதான். இடது பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவில் இரண்டாவது துளை வலது பக்கம் இருந்த பியூக்கேனனுக்கு. கோருக்கு மூன்றாவது துளை. "இரண்டாவது பெயர், இரண்டாவது துளை" என்று நினைத்துக் குத்தியவர்களின் ஓட்டு வேறு ஆளுக்குப் போனது. அங்கே பியூக்கேனனுக்கு விழுந்தது சுமார் 3,400 ஓட்டு. புஷ் ஃபுளோரிடாவை ஜெயித்தது 537 ஓட்டில். அந்த மாநிலம்தான் அதிபரை முடிவு செய்தது.

லெபோர் அப்போது ஜனநாயகக் கட்சிக்காரர். பாதிப்பும் அவர் கட்சி வேட்பாளருக்கே. அதனால் இதில் உள்நோக்கம் தேட முடியாது. ஒரு படிவத்தின் வடிவமைப்பு வரலாற்றையே மாற்றலாம் என்பதற்கு, மென்பொருள் வேலையில் இருக்கிறவர்கள் இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. நம்ம விஷயத்துக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. 2004-ல் அவர் மறுபடி நின்றார். பாம் பீச் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். தேர்தலைச் சொதப்பிய அதிகாரியை, அதனால் பாதிக்கப்பட்ட வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் ஊரில் அதற்கு வழியில்லை. அதிகபட்சம் இடமாற்றம்.

மறுபக்கமும் உண்டு. கொலராடோவின் மேசா கவுன்ட்டி கிளார்க் டினா பீட்டர்ஸ், 2020 அதிபர் தேர்தலில் மோசடி நடந்தது என்ற தன் கட்சிக்காரர்களின் பேச்சை நம்பியவர். 2021-ல் அனுமதியில்லாத ஓர் ஆளை வாக்கு இயந்திரங்களை அணுக விட்டார். 2022-ல் மாநிலத் தேர்தல் நிர்வாகத்துக்கே தலைமைப் பதவியான மாநிலச் செயலர் பதவிக்குக் கட்சிக்குள் போட்டியிட்டுத் தோற்றார். 2024-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 9 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கட்சிச் சட்டையோடு நடுவராக வந்தவர் ஆட்டத்தில் இறங்கினால் என்னாகும் என்பதற்கு அது சாட்சி.

அதே அளவுக்கு எதிர்ச் சாட்சியும் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். 2021 ஜனவரி 2-ம் தேதி அதிபர் டிரம்ப் அவரைத் தொலைபேசியில் அழைத்து 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். தன் கட்சித் தலைவரே கேட்டும் அவர் மறுத்தார். 2022-ல் மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கே எப்படி

நம் வழி வேறு. உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம். அரசியலமைப்பின் 243கே பிரிவு அதை உருவாக்கியது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை நடத்துகிற இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு, இது வேறு. மாநிலத் தேர்தல் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற முறையில்தான் அவரை நீக்க முடியும். மாவட்டத்தில் ஆட்சியர், அதற்குக் கீழே ஒன்றிய, பேரூராட்சி அலுவலர்கள், வாக்குச்சாவடியில் நம்ம பள்ளிக்கூட ஆசிரியர்கள். யாரும் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் இல்லை.

இது நல்ல ஏற்பாடு. இதை மீறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி 30-ம் தேதி சண்டிகரில் பார்த்தோம். மேயர் தேர்தலை நடத்த நியமிக்கப்பட்டவர் அனில் மசி. மாநகராட்சியின் நியமன உறுப்பினர், பாஜகவைச் சேர்ந்தவர். பதிவான 36 ஓட்டில் 8 ஓட்டைச் செல்லாது என்று அறிவித்து, 16-க்கு 12 என்று பாஜக வேட்பாளர் வென்றதாகச் சொன்னார். அவர் சீட்டுகளில் கிறுக்கியது கேமராவில் பதிவாகியிருந்தது. பிப்ரவரி 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 8 ஓட்டும் செல்லும் என்று சொல்லி, ஆம் ஆத்மி கட்சியின் குல்தீப் குமாரை மேயராக அறிவித்தது.

அரசு ஊழியரே ஆணையராக இருந்தாலும் இதே பிரச்சினைதான். கோவாவில் மாநிலச் சட்டத்துறைச் செயலரிடமே தேர்தல் ஆணையர் பொறுப்பைக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். 2021 மார்ச் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம், அரசுப் பணியில் இருக்கிற எவரும் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது.

நடுவர் சரி, ஆட்டம் எங்கே?

ஆக, நடுவர் கட்சி சாராதவர். இதில் நாம் அமெரிக்காவைவிட ஒரு படி மேல். ஆனால் ஆட்டம் எப்போது என்பது அவர் கையில் முழுசாக இல்லை. வார்டு வரையறை முடிய வேண்டும். இடஒதுக்கீட்டை அரசு அறிவிக்க வேண்டும். ஆட்களை அரசு தர வேண்டும். பணமும் அரசிடம். இதில் ஒன்று தாமதமானாலும் தேதி தள்ளிப் போகும்.

மோகனூர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இங்கே இரண்டு அமைப்பு. ஊர் பேரூராட்சி. சுற்றியுள்ள ஒருவந்தூர், வளையப்பட்டி, அணியாபுரம் மாதிரி கிராமங்கள் மோகனூர் ஊராட்சி ஒன்றியத்தில். 2011 அக்டோபரில் இரண்டுக்கும் தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் அறிவித்த தேர்தலை, அறிவிப்பு விதிப்படி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 அக்டோபர் 4-ம் தேதி ரத்து செய்தது. பிறகு வார்டு வரையறை, வழக்கு, அவகாசம், மறுபடி அவகாசம்.

கிராமங்களில் ஓட்டுப் பதிவு நடந்தது 2019 டிசம்பர் கடைசியில். பேரூராட்சியில் 2022 பிப்ரவரி 19-ம் தேதி. அதாவது கிராமங்களில் மூன்று வருடத்துக்கு மேல், மோகனூர் பேரூராட்சியில் ஐந்து வருடத்துக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்தவர் யாரும் இல்லை. பேரூராட்சியில் ஒரு முழுப் பதவிக்காலமே காணாமல் போனது.

அந்தக் காலத்தில் நிர்வாகத்தைப் பார்த்தது தனி அலுவலர்கள். அவர்கள் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது? ஒரு அலுவலருக்குப் பல ஊராட்சிகள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. பணமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

2019-ல் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்தது. தேர்தல் அதற்கு முன்பு நடக்கவில்லை. நாமக்கல் உட்பட 28 மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று 243இ பிரிவு நேராகச் சொல்கிறது. கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியும் இருக்கிறது.

பக்கத்தில் இலங்கையிலும் இதுதான் நடந்தது. 2023 மார்ச் 9-ம் தேதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்காததால் நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஓட்டுப் பதிவு நடந்தது 2025 மே 6-ம் தேதி. அங்கேயும் நடுவர் சுயாதீனமான ஆணையம்தான். சாவி மட்டும் வேறு ஆளிடம்.

அமெரிக்காவில் இது நடக்காது. அதிபர் தேர்தல் நாள் நவம்பர் மாத முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போருக்கு நடுவில் 1864-லும் அதிபர் தேர்தல் நடந்தது. கவுன்ட்டி கிளார்க்குக்கு எந்தக் கட்சி பிடித்தாலும், "இந்த வருஷம் வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடியாது.

உத்திரமேரூர் சொல்வது

குடவோலை பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து 921-ம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில், யார் நிற்கலாம் என்பதைவிட, யார் எப்படி நடத்த வேண்டும் என்ற பகுதி எனக்குச் சுவையானது.

30 குடும்பு, அதாவது 30 வார்டு. பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபை முழுக்கக் கூடியிருக்க, நம்பிமார்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். எடுத்ததை மத்தியஸ்தனிடம் கொடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே படிக்க வேண்டும்.

அந்த விரித்த விரல்களை யோசித்துப் பாருங்கள். கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்து மாற்ற முடியாது. சண்டிகரில் கேமரா செய்த வேலையை இங்கே விதியே செய்கிறது. மத்தியஸ்தன் நல்லவரா, யார் பக்கம் என்று அந்த விதி விசாரிக்கவில்லை. எப்படிப்பட்டவராக இருந்தாலும் கை திறந்திருக்க வேண்டும் என்கிறது.

இதை மக்களாட்சியின் உச்சம் என்று கொண்டாடத் தேவையில்லை. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. நிலம், வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது என்று நிபந்தனைகள். பெரும்பாலான மக்கள் அந்தக் குடத்துக்கு வெளியேதான் இருந்தார்கள். ஆனால் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதி இருந்தது. ஒரு வருடப் பதவி, முடிந்ததும் அடுத்த குடவோலை என்ற காலக்கணக்கும் இருந்தது.

அப்புறம் என்ன செய்யலாம்?

மென்பொருள் நிறுவனங்களில் ஒரு பழக்கம் உண்டு. எழுதியவரே சோதித்துச் சான்று தரக் கூடாது. வெளியீட்டு நாளை முன்னாலேயே குறித்துவிட வேண்டும். எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று பதிவு இருக்க வேண்டும். தேர்தலுக்கும் இந்த மூன்றுதான் வேண்டும்: கட்சி சாராத நடுவர், தள்ள முடியாத தேதி, திறந்த கை. அமெரிக்காவிடம் இரண்டாவது இருக்கிறது, முதலாவது ஆட்டம் காண்கிறது. நம்மிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது தாளில் மட்டும்.

அதனால் நடுவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். லெபோரை வீட்டுக்கு அனுப்பிய உரிமை நமக்கு வேறு வழியில் கிடைக்க வேண்டும். பதவிக்காலம் முடிவதற்கு இத்தனை மாதம் முன்பே வரையறையும் ஒதுக்கீடும் முடிந்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய வரையறையிலேயே தேர்தல் என்று சட்டத்தில் எழுதினால் போதும். தாமதத்தால் யாருக்கும் லாபம் இருக்காது. ஆணையத்துக்கான பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி, அதன் கையிலேயே விட்டுவிடலாம்.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடுகிறது. எங்கள் ஒன்றியத்துக் கிராமங்களில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது: ரோடு, தண்ணீர், நூறு நாள் வேலை பற்றிக் கேட்கும்போது, "எங்க ஊராட்சிக்கு வார்டு வரையறை முடிஞ்சுதா, ஒதுக்கீடு அறிவிச்சாச்சா, தேர்தல் எப்ப?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.