கரையைக் காக்கும் வேர்கள்

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் பெருகிய வெள்ளத்தைச் சென்னைவாசிகள் மறக்கவில்லை. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளில் புகுந்த நீரைப் பற்றிப் பேசினோர் பலர். கரை என்னவாயிற்று என்று கேட்டோர் சிலரே. ஏரிக்கரைகளைப் பராமரிக்கும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவேயாகும்.

வெற்று மண்மீது மழைத்துளி விழுந்தால் துகள்கள் பெயர்கின்றன. ஊறிய மண் கனத்து, பிடிப்பிழந்து, நழுவுகிறது. நீலகிரியில் 2009 நவம்பரில் பல உயிர்களைக் கொண்ட சரிவுகளும் பெருமழையில் ஊறிய மண்ணால் நேர்ந்தவையே. புல் வளர்ந்த சரிவிலோ இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன, வேர்கள் மண்ணைத் தைத்தாற்போல் பிணைக்கின்றன, ஈரத்தையும் உறிஞ்சுகின்றன. ஆயினும் ஆழத்தில் பாறையோடு பெயரும் சரிவைப் புல் தடுக்காது. அதற்குப் பொறியியலாரையே நாட வேண்டும்.

அடையாற்றின் முகத்துவாரத்தருகே 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டது. கட்டட இடிபாடும் குப்பையும் குவிந்திருந்த அவ்விடத்தைச் சீர்செய்து, உவர்நீரைத் தாங்கும் அலையாத்தி மரங்களையும் நம் கடற்கரைக்குரிய மரஞ்செடிகளையும் நட்டனர். இடத்திற்கேற்ற தாவரம் என்பதே அங்கு நாம் காணும் பாடம்.

ஏரிக்கரைக்கு ஏற்றது வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் பத்தடிவரை நேர்கீழே இறங்கும். இலையை எட்டு அங்குலம் விட்டுக் கத்தரித்து, இரண்டு மூன்று தூர்களை ஒன்றாக, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே மட்டமான வரிசையாக நடவேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் வரிசைகளுக்கிடையே நீர் வாய்க்காலாக ஓடிக் கரையை அரித்துவிடும்.

கரையின்மேல் பெருமரம் வேண்டாம். மரம் பட்டபின் வேர் மக்கிய துவாரத்தின் வழியே நீர் கசியும். சீமைக் கருவேலம் இவ்வகையில் பெருந்தொல்லை. நான் பணியாற்றிய ஓர் ஊரில், கரையைத் 'துப்புரவு' செய்வதாகக் கருதிப் புல்லையெல்லாம் செதுக்கி எறிந்தனர். அவ்வாண்டு ஐப்பசியில் கரை இரண்டிடங்களில் சரிந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய எல்லைக்கற்கள் மட்டும் அழகாக நின்றன! வாசனை வேருக்கு நல்ல விலையுண்டு என்று தோண்டுவோரையும் தடுத்தாக வேண்டும். வேர் போனால் கரையும் போகும்.

நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் பஞ்சாயத்து யூனியன் பொறுப்பிலுள்ளவை. தை மாதத்தில் கிணற்றருகே இரண்டு பாத்தி போட்டால் ஆடியில் நாற்றுக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் ஊன்றிவிடும். முதலாண்டு மட்டும் ஆடுமாடுகளை அண்டவிடலாகாது.